அன்னம்மா அக்கா எங்கள் கத்திகளைக் காத்த விதம்

ஏரியூருக்கு வரும் காலை பஸ்ஸில்தான் எங்கள் பால்வாடிக்கு மாவு மூட்டை வரும். அன்றைக்கு மூட்டையோடு சாவுச் செய்தியும் வந்தது. கண்டக்டர் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு, "டீச்சர், கடத்தூர்ல மாங்கா ஷெட்டு அன்னம்மான்னா உங்களுக்குத் தெரியுமுங்களா? நேத்து சாயங்காலம் தவறிட்டாங்களாம். அவங்க பொண்ணு கடத்தூர் பஸ்ஸுல சொல்லி உட்டுருக்குது, அந்தக் கண்டக்டரு தருமபுரி ஸ்டாண்டுல எங்கிட்ட சொன்னாரு" என்றார். விசில் ஊதப் போனவர் நிறுத்திவிட்டு, "சொந்தமுங்களா?" என்று கேட்டார். சொந்தம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். "கூட வேல செஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டேன்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து நான் கடத்தூர் போய்ச் சேர்ந்தபோது, மாதா கோயிலில் பூசை முடிந்து பெட்டியைத் தூக்கியிருந்தார்கள். கல்லறையில் எல்லோரோடும் சேர்ந்து நானும் ஒரு பிடி மண் போட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "எவ்ளோ நல்ல மனுசி, ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் பண்ணதில்ல" என்று மூக்கைச் சிந்தினார். அதுவரை வந்துகொண்டிருந்த அழுகை அத்தோடு போய்விட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறார்களாம். அக்காவின் மகள் ஜெயராணி, "நீங்களும் அம்மாவப் பத்தி எழுதித் தாங்கக்கா" என்று கேட்டது. நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது என்றேன். "வர்றத எழுதுங்க" என்றது. அதனால்தான் எழுதுகிறேன். என்னோடு வரிசையில் உட்கார்ந்து மாங்காய் அரிந்தவர்கள் யாராவது இதைப் படித்து, பழனியம்மா புளுகுகிறாள் என்று தோன்றினால் என் முகத்துக்கு நேராக வந்து சொல்லுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடத்தூருக்கு வெளியே இருந்த அந்த ஷெட்டில் ஊறுகாய்க்காக மாங்காய் அரிந்து, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பீப்பாய் பீப்பாயாக வெளியூருக்கு அனுப்புவார்கள். பங்குனிக் கடைசியில் ஆரம்பித்தால் ஆனி வரைக்கும் வேலை. கத்தி எங்களுடையது. பழைய லாரியின் வில்லுப் பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்த இரும்புக் கத்தி. எவர்சில்வர் கத்தி அப்போதே சந்தைக்கு வந்துவிட்டது. ஷெட்டுக்காரர் ஒரு முறை வாங்கிவந்தும் கொடுத்தார். மத்தியானத்துக்குள் கூர் மழுங்கிவிட்டது. அன்னம்மா அக்கா அதைத் தூக்கிக் காட்டி, "இது பெரிய எடத்து மருமவளாட்டம் இருக்குது. பளபளன்னு வந்து நிக்கும், வேல மட்டும் சொல்லக்கூடாது" என்றார். ஷெட்டே சிரித்தது. பட்டைக் கத்தியோ கொட்டையை ஒட்டி மெல்லிசாகச் சீவும். ஆனால் அதற்கு ஒரு சீக்கு உண்டு. மாங்காய்ப் புளிப்பும் உப்புத் தண்ணீரும் ஒன்றாகப் பட்டால், வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் சிவக்க ஆரம்பித்துவிடும்.

வேலை நடக்கும் நாட்களில் அந்தச் சீக்கைச் சமாளித்துவிடலாம். வேலை இல்லாத மாதங்களில்தான் தொல்லை. முதல் வருஷம் அவரவர் கத்தியை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போனோம். நான் கூரையில் செருகி வைத்தேன். ஒருத்தி உப்புப் பானை இருக்கும் மாடத்திலேயே வைத்தாள். இன்னொருத்தி, கத்திக்கு மரியாதை செய்கிறேன் என்று ஆட்டுத்தோலில் உறை தைத்து அதற்குள் போட்டுவிட்டாள். ஐப்பசி மழையில் எல்லா வீட்டுக் கூரையும் ஒழுகியது. மறுவருஷம் வேலைக்குப் போன முதல் நாள் ஒவ்வொரு கத்தியும் செங்கல் தூளில் புரண்டு எழுந்ததுபோல் இருந்தது. தோலுறைக் கத்திதான் எல்லாவற்றிலும் மோசம். கல்லில் தேய்த்துவிட்டு அரிந்தோம். துண்டெல்லாம் கறுத்து, வாயில் வைத்தால் இரும்பு வாடை அடித்தது. ஷெட்டுக்காரர் கூடை கூடையாகக் குப்பையில் கொட்டச் சொன்னார்.

அந்தச் சாயங்காலம்தான் அன்னம்மா அக்கா எங்களுக்கெல்லாம் அக்கா ஆனார். எங்கள் தெருக்களில் ஓட்டு வீடு அவருடையது ஒன்றுதான். நெல் அவித்துக் கொடுப்பதால் அவர் வீட்டு அடுப்பு மழைக்காலத்திலும் அணையாது. அடுப்புக்கு மேலே பரண். "இந்த வருசம் எல்லா கத்தியும் எங்கூட்டுக்கு வரட்டும். அந்தப் பரண்ல ஈரம் ஏறுனா எம் பேர மாத்திக்கறேன்" என்றார். சீசன் முடிந்த அன்று எல்லோரும் அங்கே போனோம். கத்தியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, சூடு இறங்கிய அடுப்போரம் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, விளக்கெண்ணெய் தடவினோம். எண்ணெயில் நனைத்த பருத்தித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, சலித்துக் காயவைத்த சாம்பல் நிரப்பிய பெரிய பானைக்குள் புதைத்தோம். வாயை மூடி மண் பூசி, அதன் மேல் அக்கா சுண்ணாம்பில் ஒரு சிலுவை போட்டார். நாங்கள் சிலர் பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டும் வைத்தோம். "ரெண்டு பேரும் பாத்துக்கட்டும், ஒருத்தர் தூங்குனா இன்னொருத்தர் முழிச்சிருப்பாரு" என்றார் அக்கா. அடுத்த வருஷம் பானையைத் திறந்தபோது, நேற்று வைத்த மாதிரி இருந்தன கத்திகள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நடுவில் ஐப்பசியில் ஒரு முறை திறந்து எண்ணெய் மட்டும் மாற்றி மூடுவோம்.

அவரோடு எனக்குச் சண்டையும் உண்டு. மாங்காய்ப் பால் பட்டுப் பட்டுக் கத்தி நீலம் பாய்ந்து, பிறகு கறுத்துப்போகும். அக்காவுக்கு அந்தக் கறுப்பு பிடிக்காது. செங்கல் பொடி போட்டுத் தேய்த்து வெளுக்கவைப்பார். தேய்த்த கத்திதான் சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று எனக்குப் பட்டது. "கறுப்பு வேற, துரு வேறக்கா. அத உடுங்க, அது தோலாட்டம் காக்கும்" என்றேன். "நீ பெரிய கொல்லன் பொண்டாட்டி" என்றார். ஒரு வாரம் இரண்டு கத்தியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் தேய்த்த கத்திதான் முதலில் சிவந்தது. ஆனால் மறுநாளே வரிசை முழுக்கக் கேட்கும்படி, "கறுத்தது காக்கும், செவந்தது அரிக்கும். நெனப்புல வெச்சிக்கங்கடி" என்று என் சங்கதியைத் தன் பழமொழி ஆக்கிவிட்டார். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். கண்ணடித்தார். கடத்தூரில் இன்றைக்கும் அதை அன்னம்மா சொன்னது என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்கு அப்போது அந்த வேலையை விட்டால் போக்கிடம் கிடையாது. கட்டியவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன், போனவனாகவே இருந்துவிட்டான். அம்மாவும் நானும் ஒரு வாடகைக் குடிசையில் இருந்தோம். அந்த மாங்காய்க் கூலிதான் மழைக்காலம் வரைக்கும் எங்கள் வீட்டில் உலை வைத்தது. அண்ணன் வீடு ஏரியூர்ப் பக்கம் இருந்தது. ஆனால் அண்ணியின் கையால் வாங்கித் தின்பதற்குப் பதில் மாங்காய்க் கொட்டையைத் தின்னலாம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வாய் சும்மா இருந்திருந்தால் அந்த வேலை நிலைத்திருக்கும். ஷெட்டில் கூரை மாங்காய்க்குத்தான். குவியல் நிழலில் கிடக்கும், நாங்கள் வெளியே வெயிலில் உட்கார்ந்து அரிவோம். வைகாசி வெயிலில் ஒரு நாள், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழு மாதக் கர்ப்பிணி அப்படியே சரிந்து விழுந்தாள். அந்த நேரம் பார்த்து ஷெட்டுக்காரர் பெங்களூர் வியாபாரி ஒருவரைக் கூட்டிவந்து சரக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய், "ஏங்க, மாங்கா வாடுனா உங்களுக்கு நட்டம், பொம்பள வாடுனா ஒண்ணுமில்லீங்களா? பாதிக் கூரய எங்களுக்கு உடுங்க" என்று வியாபாரி முன்னாலேயே கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் சிரித்துச் சமாளித்து வியாபாரியை அனுப்பிவைத்தார். நாலாம் நாள் வரிசைக்கு மேல் ஓலைப் பந்தலும் போட்டார். சீசன் முடிந்த அன்று கூலியைக் கையில் கொடுத்தபோதுதான், "அடுத்த வருசம் எல்லாரும் வாங்க. பழனியம்மா மட்டும் வேணாம்" என்றார்.

அன்றைக்கே பானை கட்டும் நாளும். அக்கா வீட்டில் கூடினோம். கத்திகளைச் சுற்றி உள்ளே வைத்து மண் பூசியதும், அக்காதான் முதலில் பானை மேல் கை வைத்தார். "நெழல்ல ஒக்காந்தது நாம எல்லாரும். கேட்டது இவ ஒருத்தி. பழனிய உள்ள உடாம இந்தப் பான வேலைக்குத் தெறக்காது. அந்தோணியார் மேல ஆணை" என்றார். ஒவ்வொருத்தியாகக் கை வைத்தார்கள். மாரியம்மன் மேல், மாதா மேல், பெற்ற பிள்ளை மேல். எவர்சில்வரை வைத்துக்கொண்டு ஷெட்டு ஓடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கத்தி போகாவிட்டால் அவர் இறங்கி வந்துதான் ஆக வேண்டும். அந்த வருஷம் முழுக்க எனக்குத் தெம்பாக இருந்தது. ஐப்பசியில் அக்கா பானையைத் திறந்து எண்ணெய் மாற்றியபோது நானும் போய் உதவினேன். அவரோடு உட்கார்ந்து, எனக்காகப் பூட்டிய பூட்டுக்கு நானே எண்ணெய் போட்டேன்.

சீசன் வந்தது. சொன்னபடியே யாரும் போகவில்லை. ஷெட்டுக்காரர் வேறு ஊரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்தார். அவர்களிடம் கதிர் அறுக்கும் அரிவாளும் எவர்சில்வர் கத்தியும்தான் இருந்தன. கொட்டையில் மாட்டி மாட்டி, துண்டெல்லாம் பிய்ந்து கூழாகப் போனது. காய் குவியலில் பழுக்க ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டு எங்கள் தெருவில் சிரித்தோம். இன்னும் இரண்டு நாளில் அவரே வருவார் என்று பேசிக்கொண்டோம். யாரோ என் குடிசை வாசலில் நின்று, "பழனி, அவருக்குப் போட மால ரெடியா வெச்சிக்க" என்று கேலிகூடச் செய்தார்கள்.

அன்று பொழுது சாயும்போது அன்னம்மா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா களியும் கீரையும் வைத்தார். அக்கா தட்டில் இருந்ததைச் சிந்தாமல் சாப்பிட்டார். "தல என்ன புள்ள இப்படிக் காஞ்சு கெடக்குது" என்று என்னை முன்னால் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். அவர் கையில் விளக்கெண்ணெய் வாடையும் சாம்பல் வாடையும் அடித்தது. எங்களுக்காகக் கத்திக்கு எண்ணெய் மாற்றிவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "எல்லாம் நல்லபடியா முடியுங்களாக்கா?" என்று கேட்டேன். "முடியும்" என்றார். பின்னலை இழுத்துக் கட்டிவிட்டு எழுந்து போனார்.

காலையில் ஷெட்டுப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனேன். லாரியில் வந்தவர்கள் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தார்கள். சக் சக்கென்று சத்தம் ஒரே சீராக வந்தது. பட்டைக் கத்தியின் சத்தம் எனக்குத் தெரியாதா? வேலியோரம் போய்ப் பார்த்தேன். முன்னால் இருந்தவளின் கையில் என் கத்தி இருந்தது. பிடியில் சிவப்புச் சேலைக் கிழிசலைச் சுற்றியது நான். நான் பார்ப்பதைப் பார்த்து அந்தப் பெண் கத்தியைத் தூக்கிக் காட்டி, "உங்க ஊரு கத்திங்களாக்கா? என்னமா வெச்சிருக்கீங்க! ஒரு பொட்டு துரு இல்ல" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும், மனசாரப் பாராட்டினாள். நாங்கள் கொஞ்சம் சோம்பேறிகளாக இருந்திருந்தால், ஒரு வருஷம் அந்த எண்ணெயை மாற்றாமல் விட்டிருந்தால், நான் ஜெயித்திருப்பேன்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பரண் காலியாக இருந்தது. அவர் நெல் அவித்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. "ஏன்க்கா?" என்றேன். அடுப்பில் விறகைத் தள்ளினார். "ஆணைன்னு சொன்னீங்களேக்கா?" என்றேன். "போ பழனி" என்றார், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. மறுநாள் காலை இரண்டு பேர் வேலைக்குப் போனார்கள். அதற்கு மறுநாள் எல்லோரும். "கத்தியே உள்ள போயிடுச்சு, நாம வெளிய நின்னு என்ன பண்றது?" என்று கேட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. லாரியில் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள், எங்கள் வரிசை பழையபடி உட்கார்ந்தது, என் இடத்தில் வேறொருத்தி. நானும் அம்மாவும் மூட்டை கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணி சோறு போட்டார். ஒவ்வொரு வேளையும் சொல்லிக்காட்டிப் போட்டார். அம்மா அந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். பால்வாடி வேலை கிடைத்து நான் தனியாக உலை வைத்தபோது, பார்க்க அவர் இல்லை.

நடுவில் அக்காவை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு முறை பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். நான் ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன். பிறகு அவருக்குக் கை கால் விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் சாவதற்குச் சில மாதம் முன்பு, ஜெயராணி ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பியதால் போனேன். ஒரு பக்கக் கை துவண்டு கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்றார். நான் உட்கார்ந்ததும் அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கி மத்தியானம் அவரே வூட்டுக்கு வந்தாரு பழனி. ஆந்திராவுலேர்ந்து கத்தியோட ஆளு எறக்கறேன், இனிமே உங்க தெருப் பொம்பளைங்க ஒருத்தி காலு இந்த ஷெட்டுல படாது, எந்தக் காலத்துக்கும் படாதுன்னாரு. செய்யக்கூடிய ஆளுதான். அத்தன அடுப்பும் அணையறதுக்கு ஒரு அடுப்பு அணையட்டும்னு, உன்னைப் பாத்துட்டு வந்து ராத்திரியே குடுத்துட்டேன்."

அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கும் சரியாகத்தான் இருந்தது. "சரிக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? தல பின்னுனீங்களே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "கேட்டிருந்தா நீ சரின்னுருப்ப. சொல்லத்தான் வந்தேன். உன் தலையில கைய வெச்சதும், நீ என்ன சொல்லுவேன்னு தெரிஞ்சுபோச்சு. நீ சரின்னு சொல்லிட்டா அப்புறம் சாவற வரைக்கும் நான் உன் முன்னால தல குனிஞ்சு நிக்கணும். அதுக்குத் துரோகின்னு பேரு வாங்கிக்கறது லேசா இருந்துச்சு."

ஜெயராணி காப்பி கொண்டுவந்தது. நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதுதான் கடைசி.

அவரிடமிருந்து நீ வைத்திருப்பது என்ன என்று யாராவது கேட்டால், சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. எங்கள் பால்வாடியில் ஒரு குழந்தையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி உட்காரவைப்பதானாலும் அந்தக் குழந்தையைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். ஒரு தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து இன்னொரு தட்டில் போடுவதானாலும் கேட்பேன். சமைக்கும் அம்மா தலையில் அடித்துக்கொள்வார். "மூணு வயசுப் புள்ளகிட்ட எல்லாம் உத்தரவு வாங்கறீங்களே டீச்சர், அது சரின்னுதான சொல்லப்போவுது?" என்பார். சரி என்று சொல்லப்போகிறவரைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். இது எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அன்னம்மா அக்காவால் வந்தது.

அக்கா, வேலை போனதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டிருந்தால், அன்றைக்கு அந்தப் பின்னலோடு எழுந்துவந்து, பானையை நானே பரணிலிருந்து இறக்கிக் கொடுத்திருப்பேன். தெருவில் அத்தனை அடுப்பும் பழனியம்மாவால் எரிகிறது என்று அண்ணி வீட்டில் சோற்றைப் பிசையும்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பேன். அந்த நினைப்பு ஒன்று இருந்திருந்தால் அந்தச் சோறு தொண்டையில் இறங்கியிருக்கும், அக்கா.